ரீல்ஸ்ல வெள்ளை கோட்டு, வண்டிக்குள்ள கால் சிலிண்டர்: சேலத்துல தனியார் ஆம்புலன்ஸ்ல வேலை பார்த்த அனுபவம்

நர்சிங் முடிச்சிட்டு சேலம், ஆத்தூர், ஓமலூர் பக்கம் தனியார் ஆம்புலன்ஸ்ல வேலைக்கு கூப்பிடறாங்க, போலாமா வேணாமானு யோசிச்சிட்டு இருக்கற தங்கச்சிங்க தம்பிங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் சேரும்போது கேக்கறதுக்கு ஆள் இல்ல. அம்மாவுக்கு ஏற்காட்டுல காபி எஸ்டேட் வேலை, எங்க சொந்தத்துலயே நர்சிங் படிச்ச முதல் ஆளு நான்தான். ஆம்புலன்ஸ் கம்பெனில எத பாத்து சேரணும், எதுல கையெழுத்து போடக்கூடாது, எந்த பேப்பர கைய விட்டு குடுக்கக்கூடாதுன்னு யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லிருந்தா எனக்கு இவ்ளோ பணமும் போயிருக்காது, ஒரு நல்ல வேலையும் கைநழுவிருக்காது. கம்பெனி பேர் போடல. பேர் போட்டா அந்த ஒரு இடத்த மட்டும் ஒதுக்கிட்டு இதே மாதிரி நடத்தற இன்னொரு இடத்துல போய் மாட்டிப்பீங்க, அதனால எப்படி நடக்குதுங்கறத தெரிஞ்சுக்கோங்க. ஒழுங்கா சம்பளம் குடுத்து, வண்டியையும் ஆளுங்களையும் நல்லா வச்சிருக்கற ஓனருங்களும் இதே சேலத்துல இருக்காங்க, அவங்கள நான் இதுல சேக்கல.

நான் அந்த கம்பெனிய முதல்ல பாத்தது இன்ஸ்டாகிராம்லதான். பளபளன்னு புது வண்டி, உள்ள நீல லைட்டு, வென்டிலேட்டர், மானிட்டர், யூனிஃபார்ம் போட்ட பசங்க வரிசையா நிக்கறாங்க, பின்னாடி பாட்டு, ‘24 மணி நேரமும் ஐசியூ உங்கள் வாசலில்’னு எழுத்து ஓடுது. ஸ்டாஃப் பர்த்டேக்கு கேக் வெட்டற வீடியோ, டிரைவருங்களுக்கு சால்வை போடற வீடியோ, ‘நாங்கள் ஒரு குடும்பம்’னு கேப்ஷன். பாத்தா யாருக்கா இருந்தாலும் ஆசை வரும். ஃபோன் பண்ணேன், மறுநாளே வரச்சொன்னாங்க. அஞ்சு ரோடு பக்கம் ஆபீஸ், ஏசி ரூம், சுவர் முழுக்க ஷீல்டு. மாசம் ₹18,000, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு, வெளியூர் ட்ரிப்புக்கு தனி பேட்டா, தங்க ரூம்னு வாயாலயே சொன்னாங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வெரிஃபிகேஷனுக்குன்னு வாங்கி வச்சிக்கிட்டாங்க, மூணே நாள்ல குடுத்துடறோம்னாங்க. யூனிஃபார்ம் டெபாசிட் ₹3,000. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கேட்டேன், அது ஹெச்.ஆர். மேடம் லீவு முடிஞ்சு வந்ததும் மெயில்ல வரும்னாங்க. கடைசி வரைக்கும் வரவே இல்ல.

இங்க கொஞ்சம் நில்லுங்க. வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல ஒரு தடவை காட்டினா போதும், அங்கயே பாத்துட்டு திருப்பி குடுத்துடணும், அட்டஸ்ட் பண்ண ஜெராக்ஸ் மட்டும்தான் அவங்ககிட்ட இருக்கணும். நம்ம நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், டிப்ளமோ, மார்க் ஷீட்டு எல்லாம் அடுத்த வேலைக்கு நமக்கு இருக்கற ஒரே சாவி. குடுக்காட்டி வேலை இல்லன்னு சொன்னா அந்த இடத்துல இருந்து கிளம்பிடுங்க. அப்படியே ஏதோ காரணத்துல குடுக்க வேண்டி வந்தா என்னென்ன குடுத்தீங்கன்னு சீரியல் நம்பரோட எழுதி, தேதி போட்டு, கம்பெனி சீல் வச்சு ஒரு ரசீது வாங்கிக்கோங்க. இன்னொண்ணு, ஆபீஸ பாத்து சேராதீங்க, வண்டிய பாத்து சேருங்க. ஜி.ஹெச். வாசல்ல ஸ்டாண்டு போட்டிருக்கற டிரைவர் அண்ணாங்ககிட்ட போய் ஒரு டீ வாங்கி குடுத்து, ‘அண்ணா, அந்த கம்பெனில சம்பளம் எந்த தேதிக்கு வருது, போன வருஷம் எத்தனை பேரு வேலைய விட்டு நின்னாங்க’ன்னு கேட்டா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் சொல்லிடுவாங்க. வண்டி நம்பர எம்பரிவாஹன் ஆப்ல போட்டா எஃப்.சி. (வண்டி ஓட தகுதியா இருக்குங்கற சான்று) எது வரைக்கும் இருக்கு, இன்சூரன்ஸ் உயிரோட இருக்கானு தெரிஞ்சிடும். நாம ஏறி உக்காரப்போற வண்டி அது, பாக்கறதுல தப்பே இல்ல.

சேந்த முதல் வாரமே போட்டோ ஷூட். எனக்கு இன்னும் அந்த வென்டிலேட்டர ஆன் பண்ணவே சொல்லித்தரல, அதுக்குள்ள ஒரு கேமராமேன் வந்து எனக்கு வெள்ளை கோட்டு போட்டு, கழுத்துல ஸ்டெதஸ்கோப் மாட்டி, கைய கட்டி நிக்க வச்சு எடுத்தாரு. ‘நான் நர்ஸ், எங்க யூனிஃபார்ம் இது இல்லைங்க சார்’னு சொன்னேன். ‘சும்மா ஒரு லுக்குக்குதான் சிஸ்டர்’னு மேனேஜர் சொன்னாரு. பத்து நாள் கழிச்சு பாத்தா ஃப்ளெக்ஸ்ல நான் நிக்கறேன், கீழ ‘அனுபவமிக்க மருத்துவர் குழுவுடன்’னு போட்டிருக்கு. ஒரு வண்டியோட பின் கதவுலயும் அதே படத்த ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. அதே ஷூட்ல இன்னொண்ணும் பாத்தேன். புது வண்டிக்குள்ள இருந்த வென்டிலேட்டரும், இதயத்துக்கு ஷாக் குடுக்கற டிஃபிப்ரிலேட்டரும் வேற வண்டில இருந்து கழட்டி கொண்டு வந்து மாட்டினது. ஷூட் முடிஞ்சதும் திருப்பி கழட்டிட்டாங்க. மொத்த கம்பெனிக்கும் அந்த ஒரு செட்டுதான் வேலை செய்யற நிலைமைல இருந்துச்சு, மத்த வண்டில எல்லாம் ஆக்சிஜன், சளி உறிஞ்சற சக்ஷன், கையால அமுக்கி மூச்சு குடுக்கற ஆம்பு பேக், அவ்ளோதான். ஆனா எல்லா வண்டியிலயும் ஐசியூன்னு ஸ்டிக்கர்.

இத தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஆம்புலன்ஸுக்குன்னு ஏ.ஐ.எஸ். 125னு ஒரு தரம் இருக்கு, அதுல ஏ, பி, சி, டின்னு நாலு வகை. ஏ-ங்கறது முதல்ல ஓடிப்போய் முதலுதவி பண்ற வண்டி, பி சும்மா பேஷண்ட கூட்டிட்டு போறது, சி அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது, டிதான் மானிட்டர், வென்டிலேட்டர் எல்லாம் வச்ச பெரிய வசதி வண்டி. பி வகை வண்டிய டின்னு ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டினா காசு குடுக்கற சொந்தக்காரங்களும் ஏமாறறாங்க, உள்ள உக்காந்திருக்கற நாமளும் மாட்டிக்கறோம், ஏன்னா பேஷண்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா முதல்ல கேள்வி கேக்கப்போறது நம்மளத்தான். வேலைக்கு சேந்த அன்னிக்கே நீங்க எந்த வண்டில போறீங்களோ அந்த வண்டில இருக்கற ஒவ்வொரு பொருளையும் நீங்களே ஆன் பண்ணி பாத்து, ஒரு நோட்டுல எழுதி, டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கி, ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

வேலை எப்படின்னா, ஷிஃப்ட் 12 மணி நேரம்னு சொன்னாங்க, ஆனா மாத்தி விட ஆள் வராது. காலைல ஏறினா அன்னிக்கு ராத்திரியும் அதே வண்டி. தங்க ரூம்னு சொன்னது ஆபீஸ் பின்னாடி ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கி வச்சிருந்த ஸ்டோர், பாத்ரூம் தாழ்ப்பாள் இல்ல. ராத்திரில நான் பெரும்பாலும் வண்டிக்குள்ள ஸ்ட்ரெச்சர்ல படுத்துப்பேன், என்கூட ஓட்டின மேச்சேரிக்கார அண்ணா முன் சீட்ல படுத்துப்பாரு. அவரு வயசு ஐம்பதுக்கு மேல, என்னை பாப்பான்னுதான் கூப்பிடுவாரு, பாத்ரூம் போகணும்னா வாசல்ல வந்து நின்னுக்குவாரு. அந்த மனுஷன் இல்லன்னா ரெண்டே வாரத்துல ஓடியிருப்பேன். பொண்ணுங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பாலியல் தொல்லை புகாருக்கு உள் குழு இருக்கணும்னு 2013ல வந்த சட்டம் சொல்லுது, சேரும்போதே அந்த குழுல யாரு இருக்காங்கன்னு கேளுங்க. குழு இல்லாத சின்ன இடம்னா மாவட்ட அளவுல ஒரு குழு இருக்கு, 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கு.

ஏற்காட்டுல இருந்து பேஷண்ட கீழ கொண்டு வர்ற கேஸ் நிறைய எனக்குதான் குடுப்பாங்க, மலைக்கார பொண்ணு, பாதை தெரியும்னு. பாதை தெரிஞ்சு என்ன பண்றது, 20 கொண்டை ஊசி வளைவு, நாம உக்காந்திருக்கறது சைடு சீட்டு, பெல்ட் அறுந்து கெடக்கு. ஒரு கையால கம்பிய புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால பேஷண்ட் மூஞ்சில மாஸ்க்க அழுத்தி புடிச்சிக்கிட்டு வருவேன். ஸ்ட்ரெச்சர் லாக் ஒண்ணு சரியா உக்காராது, ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி ஒரு அடி அப்படி ஒரு அடி நகரும். லாக்க மாத்தி குடுங்கன்னு வாட்ஸாப் குரூப்ல போட்டா அதுக்கு பதில் வராது, ஆனா ‘இன்னிக்கு ஹில்ஸ் கேஸ் வீடியோ அனுப்புங்க, மார்க்கெட்டிங் வெயிட் பண்றாங்க’ன்னு மெசேஜ் மட்டும் டான்னு வரும். உயிருக்கு போராடற ஒருத்தர் பக்கத்துல உக்காந்துட்டு ஃபோன தூக்கி வீடியோ எடுக்கணும், அதுக்கு பேஷண்ட் வீட்டாளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கறது கிடையாது. நான் எடுக்கல. எடுக்காத மாசம் இன்சென்டிவ் கட்.

என்னால மறக்கவே முடியாத ட்ரிப் கோயம்புத்தூர் ஷிஃப்டிங். ஒரு பெரியவருக்கு மூச்சு திணறல், இங்க இருந்து அங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க. பையன்கிட்ட ‘டாக்டரோட ஐசியூ வண்டி’ன்னு சொல்லி ஆபீஸ்ல முழு காசும் வாங்கிட்டாங்க. வந்தது நானும் மேச்சேரி அண்ணாவும் ரெண்டு பி-டைப் ஆக்சிஜன் சிலிண்டரும் (இந்த பி சிலிண்டரோட சைஸ், வண்டி வகை இல்ல). ஒண்ணு ஃபுல், இன்னொண்ணோட மீட்டர் முள்ளு கால்லதான் நிக்குது. ரீஃபில் பண்ணாம அனுப்பாதீங்கன்னு நான் ஃபோன்ல கத்தறேன், ‘போற வழிதானே சிஸ்டர், ரெண்டரை மணி நேரம், பத்தும் பத்தும்’னு பதில். கணக்கு என்னன்னா, பி-டைப் சிலிண்டர் ஃபுல்லா இருந்தா சுமாரா 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனா 150 நிமிஷம், 15 லிட்டர் போனா 100 நிமிஷம்தான். பெரியவருக்கு 15 லிட்டர் வைக்கச்சொல்லி அனுப்பிருந்தாங்க. வார்டுல இருந்து கீழ இறக்கி வண்டில ஏத்தறதுக்குள்ளயே இருபது நிமிஷம் அதுல ஓடிருச்சு. அதாவது ஃபுல் சிலிண்டர் பவானி தாண்டினதும் காலி ஆகும், கால் சிலிண்டர் அதுக்கு மேல அரை மணி நேரம்கூட தாங்காது, கோயம்புத்தூர் அப்பவும் ரொம்ப தூரத்துல இருக்கும்.

சங்ககிரி கிட்ட வரும்போது பெரியவரோட பையன் என்கிட்ட, ‘டாக்டரம்மா, அப்பா தாங்கிடுவாரா’ன்னு கேட்டாரு. எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு. ‘அண்ணா, நான் டாக்டர் இல்ல, நர்ஸ். ஆக்சிஜன் பத்தாது, வழில ஒரு ஆஸ்பத்திரில நிறுத்தி சிலிண்டர் கேக்கணும்’னு உண்மையச் சொன்னேன். அவரு கோவப்படல, அப்படியே தலைல கைய வச்சிட்டு உக்காந்துட்டாரு. மேச்சேரி அண்ணா ஆபீஸ கேக்காமயே பெருந்துறைல ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள வண்டிய விட்டாரு. அங்க இருந்த டியூட்டி டாக்டரும் வார்டு பாயும் ஒரு கேள்வி கேக்காம பெரியவர உள்ள எடுத்து அவங்க லைன்ல ஆக்சிஜன் போட்டு, நிலைப்படுத்தி, ஃபுல் சிலிண்டர் குடுத்து அனுப்பினாங்க. பெரியவர் நல்லபடியா கோயம்புத்தூர் போய் சேந்தாரு. திரும்பி வந்த அன்னிக்கு சாயந்திரம் கம்பெனி பேஜ்ல ரீல் வந்துச்சு, ‘சேலம் டு கோவை, உயிர் காத்த எங்கள் மருத்துவர் குழு’ன்னு, என் வெள்ளை கோட்டு படத்தோட. அதே வாரம் எனக்கு ₹1,000 ஃபைன், ‘கஸ்டமர்கிட்ட கம்பெனிய பத்தி தப்பா பேசினதுக்கு’. அண்ணாவுக்கு அனுமதி இல்லாம வண்டிய நிறுத்தினதுக்கு ஃபைன்.

இந்த ஃபைன் விஷயத்துல சட்டம் நம்ம பக்கம் இருக்குன்னு எனக்கு வேலைய விட்ட பிறகுதான் ஒரு வக்கீலக்கா சொன்னாங்க. ஒரு சம்பள காலத்துல போடற மொத்த ஃபைனும் அந்த சம்பளத்துல 3 சதவீதத்த தாண்டக்கூடாது, ₹18,000 சம்பளத்துக்கு அது ₹540. அதுவும் எதுக்கெல்லாம் ஃபைன்னு முன்னாடியே எழுதி ஒட்டியிருக்கணும், நம்ம விளக்கத்த கேட்டுட்டுதான் போடணும். பொருள் தொலைஞ்சுதுன்னு புடிக்கறதுக்கும் நம்மகிட்ட விளக்கம் கேக்கணும். எங்க கம்பெனில பல்ஸ் ஆக்சிமீட்டர் காணோம்னு அந்த வண்டில போன எல்லார்கிட்டயும் தனித்தனியா ₹1,800 புடிச்சாங்க. மார்ச் 8 மகளிர் தினத்துக்கு ‘எங்கள் சிங்கப்பெண்கள்’னு எங்க படத்த போட்டாங்க, அந்த மாச சம்பளம் இருபது தேதிக்கு மேலதான் வந்துச்சு. ஃபேமிலிக்கிட்ட கூகுள்ல அஞ்சு ஸ்டார் வாங்கணும், வாங்காட்டி நம்ம சொந்தக்காரங்கள வச்சாவது போட வைக்கணும். பேஷண்ட இறக்கி விட்டு கைகால் நடுங்கிட்டு நிக்கற ஆளுங்ககிட்ட போய் ஸ்கேன் பண்ணுங்கன்னு ஃபோன நீட்டறது எவ்ளோ கொடுமைன்னு சொல்லி புரியவைக்க முடியாது. அதனால அந்த 4.9 ஸ்டார பாத்து யாரும் நம்பாதீங்க, ஒரே வரில ‘சூப்பர் சர்வீஸ்’னு இருக்கறத எல்லாம் தள்ளிட்டு, நீளமா எழுதின ஒரு ஸ்டார் ரிவ்யூக்கள மட்டும் படிங்க.

சம்பள ஸ்லிப்புல பி.எஃப். ₹1,800, ஈ.எஸ்.ஐ. ₹135னு மாசா மாசம் கழிச்சிருந்துச்சு. கழிக்கறாங்கன்னா கட்டறாங்கன்னுதான எல்லாரும் நினைப்போம். தொப்பூர் கணவாய் பக்கம் ஒரு ஆக்சிடென்ட் கேஸுக்கு போயிட்டு வரும்போது பின்னாடி வந்த லாரி எங்க வண்டிய இடிச்சு, மேச்சேரி அண்ணாவுக்கு தோள்பட்டை எலும்பு உடைஞ்சுடுச்சு, அன்னிக்கு நான் வேற வண்டி. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு போனா அவரு பேரே இல்ல. கட்டவே இல்ல. என் பி.எஃப்.ப செக் பண்ணேன், அதுலயும் ஒரு ரூபா ஏறல. அண்ணாவோட படத்த போட்டு ‘சாலையின் நாயகன்’னு போன மாசம் போஸ்டர் அடிச்ச அதே கம்பெனி, உன் கவனக்குறைவுன்னு சொல்லி அவர வேலைய விட்டு அனுப்பிடுச்சு. ஆஸ்பத்திரி செலவுக்கு அவரு சம்சாரம் காதுல கெடந்த தோட்ட அடகு வச்சாங்க. நான் அன்னிக்கு அழுத அழுகை அப்பா செத்தப்ப கூட அழல.

தயவு செஞ்சு முதல் சம்பளம் வந்த உடனே இத செக் பண்ணுங்க. பி.எஃப்.க்கு 12 இலக்க யூ.ஏ.என். நம்பர், ஈ.எஸ்.ஐ.க்கு 10 இலக்க இன்சூரன்ஸ் நம்பர், ரெண்டும் நம்ம கைல இருக்கணும். உமாங் ஆப்ல பி.எஃப். பாஸ்புக்க திறந்தா எந்த மாசம் எவ்ளோ ஏறிருக்குன்னு காட்டும். 10 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா ஈ.எஸ்.ஐ., 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ₹21,000 சம்பளம் வரைக்கும். ஈ.எஸ்.ஐ.ல நம்ம பங்கு 0.75 சதவீதம், அவங்க பங்கு 3.25. நம்ம காச புடிச்சிட்டு கட்டாம விட்டா அது குற்றம், தனித்தனியா அந்தந்த ஆபீஸ்ல புகார் குடுக்கலாம். ஈ.எஸ்.ஐ. வராத சின்ன இடமா இருந்தாலும் வேலை நேரத்துல அடிபட்டா முதலாளி இழப்பீடு குடுத்தாகணும். இதோட ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கோங்க, மூணு டோஸ். மருத்துவக் கழிவ கையாள்றவங்களுக்கு அதையும் டெட்டனஸையும் போட வேண்டியது வேலை குடுக்கறவங்க பொறுப்புன்னு 2016 விதி சொல்லுது, எங்களுக்கு கிளவுஸே எண்ணி எண்ணித்தான் வந்துச்சு. ஓடற வண்டில ஊசி கைல குத்திடுச்சுன்னா வெக்கப்படாம, பயப்படாம உடனே ஜி.ஹெச். போங்க, ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது.

அண்ணாவ அனுப்பின அந்த வாரமே நான் எழுதி குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுட்டேன். அதுக்கப்புறம்தான் நிஜமான வேதனை. ஒரிஜினல் கேட்டா ட்ரெய்னிங் செலவு ₹40,000 கட்டிட்டு வாங்கிக்கோன்னாங்க. என்ன ட்ரெய்னிங், வென்டிலேட்டர எனக்கு சொல்லிக்குடுத்ததே மேச்சேரி அண்ணாவும் இன்னொரு வண்டி சிஸ்டரும்தான். அந்த நேரத்துல மாவட்ட நலவாழ்வு சங்கத்துல ஒப்பந்த நர்ஸ் வேலைக்கு என்னை கூப்பிட்டிருந்தாங்க, சர்டிஃபிகேட் சரிபார்ப்புக்கு ஒரிஜினல் இல்லாம போய் நின்னேன், ஜெராக்ஸ ஏத்துக்க மாட்டாங்க, அது விதி, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. அந்த வேலை போச்சு. அம்மாகிட்ட ஒரு வாரம் சொல்லவே இல்ல. காசு கணக்கு பாத்தா ஒன்றரை மாச சம்பளம் ₹27,000, டெபாசிட் ₹3,000, அது போக கழிச்ச பி.எஃப். எல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. ஆனா இத்தனைலயும் அந்த வேலை போனதுதான் எனக்கு இன்னும் ஆறல.

எனக்கு வழி காட்டினது அந்த வக்கீலக்காதான், அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல இலவச சட்ட உதவி மூலமா கெடச்சாங்க. 15100க்கு ஃபோன் பண்ணாலே அந்த உதவி எங்க கிடைக்கும்னு சொல்வாங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் பாக்காம இலவசம். அவங்க சொன்ன வரிசை இதுதான்: முதல்ல என்ன சர்டிஃபிகேட், எவ்ளோ சம்பள பாக்கின்னு தெளிவா எழுதி ஸ்பீட் போஸ்ட்ல கம்பெனிக்கு அனுப்பி அந்த ரசீத வச்சிக்கணும், அடுத்து போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கணும், சம்பளத்துக்கு தொழிலாளர் துறைல மனு, நடுவுல இழுத்தடிச்சா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு, இல்ல முதல்வர் உதவி எண் 1100க்கு ஃபோன். ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஃபோன் போனதுமே ₹40,000 பேச்சே காணாம போச்சு, ஒரிஜினல் கவர்ல போட்டு ஆள் மூலமா வந்துச்சு, ஒரு மார்க் ஷீட்டு ஓரம் கிழிஞ்சிருந்துச்சு. 2025 நவம்பர் 21ல இருந்து புது ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு, அதுல நாமளா நின்னாலும் அவங்க நிறுத்தினாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கிய செட்டில் பண்ணணும்னு இருக்கு, இத மனசுல வச்சிக்கோங்க. மனுவோட என்ன ஆதாரம் வைக்கறீங்கங்கறதுதான் முக்கியம். எனக்கு கை குடுத்தது நான் சும்மா எடுத்து வச்சிருந்த ட்ரிப் ஷீட் போட்டோ, வாட்ஸாப் டியூட்டி மெசேஜ், பேங்க் ஸ்டேட்மென்ட். வேலைய விடறதுக்கு முன்னாடியே குரூப் சேட்ட எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க, நின்ன அன்னிக்கே குரூப்ல இருந்து தூக்கிடுவாங்க.

என் படம் விஷயம் இன்னும் முழுசா முடியல. படத்த எடுக்கச்சொல்லி எழுத்துல கேட்டேன், இன்ஸ்டாகிராம்லயும் ரிப்போர்ட் பண்ணேன், அவங்க புகார் அதிகாரிக்கு அனுப்பினா குறிப்பிட்ட கெடுவுக்குள்ள முடிவு சொல்லணும்னு விதி இருக்கு. ரீல் போயிடுச்சு, ஃப்ளெக்ஸும் கழட்டிட்டாங்க, வண்டி பின் கதவு ஸ்டிக்கர் மட்டும் இன்னும் ஓடிட்டு இருக்கறதா ஒரு பழைய ஸ்டாஃப் சொன்னாங்க. நான் ஏன் இதுல இவ்ளோ பிடிவாதமா இருக்கேன்னா, மருத்துவப் பதிவு இல்லாதவங்க டாக்டரா தொழில் பண்ணினா 1 வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம்னு 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல இருக்கு. நாளைக்கு அந்த வண்டில ஒரு பேஷண்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த குடும்பம் தேடற முகம் என்னோடதா இருக்கும். அதனால கம்பெனில போட்டோ எடுத்தா எந்த உடையில, எதுக்கு, எது வரைக்கும் போடுவாங்கன்னு எழுதி வாங்குங்க, நர்ஸுன்னா நர்ஸுன்னு போடச்சொல்லுங்க. நர்ஸுன்னு சொல்லிக்கறதுல நமக்கு என்ன குறைச்சல்.

பேஷண்ட் வீட்டாளுங்க யாராவது படிச்சா அவங்களுக்கும் ஒண்ணு. அவசரம்னா முதல்ல 108, அது 2008ல இருந்து இலவசமா ஓடுது. ஜி.ஹெச்.ல இறந்தவங்கள வீட்டுக்கு கொண்டு போக 155377, அதுவும் இலவசம், அதுக்கு போய் ஆயிரக்கணக்குல குடுக்காதீங்க. தனியார் வண்டிதான் எடுக்கணும்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி கதவ திறக்கச்சொல்லி சிலிண்டர் மீட்டர நீங்களே பாருங்க, கூட வர்றவங்க டாக்டரா நர்ஸானு பதிவு எண்ணோட கேளுங்க, பில்லுல அத எழுதச்சொல்லுங்க. உள்ள இருக்கற நர்ஸும் டிரைவரும் தூங்கி எவ்ளோ நேரம் ஆச்சுன்னும் கேளுங்க, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்.

இப்ப நான் சேலத்துலயே ஒரு ஆஸ்பத்திரில கேஷுவாலிட்டில இருக்கேன், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோட. சம்பள பாக்கி மனு தொழிலாளர் துறைல விசாரணைல இருக்கு, ரெண்டு வாய்தாவுக்கு கம்பெனி ஆளு வரல. மேச்சேரி அண்ணா கைய இன்னும் தோளுக்கு மேல தூக்க முடியல, அவரோட இழப்பீடு மனுவையும் அதே வக்கீலக்காதான் போட்டிருக்காங்க, அதுக்கு சாட்சி சொல்ல நான் வர்றேன்னு எழுதி குடுத்திருக்கேன். லாரி இடிச்ச அந்த ராத்திரி அவரு டியூட்டிலதான் இருந்தாருன்னு காட்ட ட்ரிப் ஷீட் தேவை, கம்பெனி அப்படி ஒரு ட்ரிப்பே இல்லன்னு சொல்லுது. அந்த சமயத்துல சேலம் தர்மபுரி ரோட்டுல வேலை பாத்த டிரைவருங்க, சிஸ்டருங்க யார் ஃபோன்லயாவது அந்த ராத்திரி எடுத்த போட்டோவோ குரூப் மெசேஜோ இருந்தா அழிச்சிடாம வச்சிருங்க, அவருக்கு அது வேணும்.